293318625600: ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன எண்

#1 கணக்கு_சார்
எல்லோருக்கும் வணக்கம். டியூஷனில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காரணி கண்டுபிடிக்க ஒவ்வொரு வருடமும் 360, 720 என்று அதே எண்களையே கொடுத்து எனக்கே சலித்துவிட்டது. இந்த முறை பெரிதாக ஒன்று கொடுக்கலாம் என்று தேடும்போது இது மாட்டியது: 293318625600. வாயால் சொன்னால் 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600.

ராமானுஜன் 1914-இல் கேம்பிரிட்ஜ் போனார். அடுத்த வருடமே லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் 60 பக்கத்துக்கு மேல் ஒரு கட்டுரை வந்தது. பொருள், ஹைலி காம்போசிட் எண்கள். தமிழில் ‘மிகு பகு எண்’ என்று வைத்துக்கொள்வோம். தனக்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்குக் காரணிகள் இருந்தால் அது மிகு பகு எண். 12-க்கு 6 காரணிகள். 12-க்குக் கீழே எதற்கும் ஆறு கிடையாது. அதனால் 12 தேறும். 18-க்கும் ஆறுதான், ஆனால் 12 முந்திக்கொண்டதால் 18 தேறாது.

அந்தக் கட்டுரையில் 6746328388800 வரை ஒரு பட்டியல் இருக்கிறது. நூறு எண்களுக்கு மேல். அதில் ஒன்றே ஒன்று விட்டுப்போயிருக்கிறது. அதுதான் நான் மேலே எழுதிய எண். இதைப் பற்றித் தெரிந்ததைக் கொட்டுங்கள், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும்.

#2 பொன்னி_நிரல்
முதலில் பிரித்துப் போட்டுவிடுகிறேன் சார்.

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

அடுக்கு ஒவ்வொன்றோடும் ஒன்று கூட்டிப் பெருக்கினால் காரணிகளின் எண்ணிக்கை: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040.

அந்த 5040-உம் மிகு பகு எண்தான்.

#3 வெட்டிப்பேச்சு
5040 காரணியையும் எழுதி வரச் சொன்னால் அடுத்த நாள் டியூஷனுக்கு யார் வருவார்கள் சார்?

#4 ஈரோட்டான்
ராமானுஜன் விட்டுவிட்டார் என்று எப்படி அடித்துச் சொல்கிறீர்கள்? அவர் பிறந்த ஊர்க்காரன் என்பதற்காகக் கேட்கவில்லை. போர் நடந்த காலம், கையெழுத்துப் பிரதி, அச்சுக் கோர்ப்பவர் கை. ஒரு வரி நழுவியிருக்கலாமே. இணையத்தில் இப்போதெல்லாம் ‘ராமானுஜனே தப்பு செய்தார்’ என்று தலைப்பு வைத்தால்தான் நாலு பேர் பார்க்கிறார்கள்.

#5 கணக்கு_சார்
ஈரோட்டான், கோபப்படாதீர்கள். தப்பு என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை, விட்டுப்போனது என்றுதான் சொன்னேன். அச்சடித்த பட்டியலில் எண் இல்லை. யார் கையில் நழுவியது என்று சண்டை போட்டு ஆகப்போவது ஒன்றும் இல்லை. போர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. கழகத்திடம் அப்போது பணம் இல்லாததால் கட்டுரையின் பின்பகுதியை அச்சிடவே இல்லை. அது ழான்-லூயி நிக்கோலா, கி ரோபின் என்ற இரண்டு பிரெஞ்சுக் கணிதர்களின் குறிப்புகளோடு 1997-இல்தான் வெளியானது.

#6 மலர்விழி
பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சந்தேகம். பொன்னி அக்கா பிரித்ததில் அடுக்குகள் 6, 4, 2, 2, 1, 1, 1, 1 என்று இறங்கிக்கொண்டே போகின்றன. இது தற்செயலா? நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவும் இல்லையே.

#7 பொன்னி_நிரல்
தற்செயல் இல்லை மலர். மிகு பகு எண் எல்லாமே இப்படித்தான் இருந்தாக வேண்டும். 18-ஐயே எடுத்துக்கொள். 2 × 3². அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12. காரணிகளின் எண்ணிக்கை அடுக்குகளை மட்டும்தான் பார்க்கும், எந்தப் பகா எண் மேல் அடுக்கு உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்காது. அதனால் பெரிய அடுக்கைச் சின்ன பகா எண்ணுக்குக் கொடுத்தால் காரணி குறையாமல் எண் மட்டும் சின்னதாகிவிடும். 18 போட்டியிலிருந்து வெளியே.

நடுவில் விடுபடுவதும் அதே கதைதான். 2 × 3 × 7 = 42. எட்டுக் காரணிகள். 7-க்குப் பதில் 5 போட்டால் 30. அதற்கும் எட்டு. விட்டுவிட்டு ஏறினால் நஷ்டம்.

இன்னொன்றையும் ராமானுஜன் நிறுவியிருக்கிறார். கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விதிவிலக்கு இரண்டே இரண்டுதான்: 4, 36. அவ்வளவு பெரிய உலகத்தில் இரண்டே பேர்!

#8 மலர்விழி
அப்படியென்றால் 4, 36-ஐத் தவிர வேறு எந்த மிகு பகு எண்ணும் வர்க்க எண்ணாக இருக்க முடியாது, இல்லையா? (1-ஐ விட்டுவிடுகிறேன்.) கடைசி அடுக்கு ஒற்றைப்படை.

#9 பொன்னி_நிரல்
சபாஷ். நான் சொல்ல வந்தது அதுதான்.

#10 எண்பித்தன்
இந்த எண்ணை எந்தெந்தக் கூடையில் போடலாம் என்று பேப்பரில் உட்கார்ந்து பார்த்தேன்.

1 முதல் 22 வரை எல்லா எண்ணாலும் மீதியில்லாமல் வகுபடும். 23-இல் போய் இடறி விழும். 1 முதல் 22 வரைக்குமான மீச்சிறு பொது மடங்கு 232792560. நம் எண் அதைப்போல் சரியாக 1260 மடங்கு. 1260-உம் மிகு பகு எண்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 45. 45-ஆல் வகுபடுகிறது, ஈவு 6518191680. ஆக இது ஹர்ஷத் எண். அந்தப் பெயரை வைத்தவர் தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராக இருந்த காப்ரேகர். கணக்கு_சார் இதைக் கட்டாயம் வகுப்பில் சொல்லுங்கள்.

தன்னைத் தவிர மற்ற காரணிகளையெல்லாம் கூட்டினால் 1348924389120. அதாவது தன்னைப்போல் நாலரை மடங்குக்கும் மேல். 6, 28 மாதிரி சரிசமமாக வந்தால் நிறைவெண். இது மிகையெண், அதுவும் வழிந்து ஓடுகிற மிகையெண்.

எனக்குப் பிடித்தது இதுதான்: முதல் நான்கு அடுக்குகளும் இரட்டைப்படை. அதனால் 293318625600 = 2520² × 46189. அந்த 46189 வெறும் 11 × 13 × 17 × 19. 2520 என்றால் 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் வகுபடும் மிகச் சிறிய எண், அதுவும் பட்டியலில் இருப்பதுதான். வர்க்கமாக வரப்பார்த்து வாசலில் நின்றுவிட்ட எண்!

#11 வெட்டிப்பேச்சு
ஹர்ஷத் எண்ணெல்லாம் தெருவுக்குப் பத்து இருக்கும் பாஸ். 10, 12, 18, 20, 21 எல்லாம் ஹர்ஷத்தான். இதை ஒரு பெருமையாகச் சேர்க்க வேண்டுமா?

#12 எண்பித்தன்
உண்மைதான். இலக்கத்தைக் கூட்டுவதெல்லாம் நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் வரும் விளையாட்டு. அடிமானத்தை மாற்றினால் அந்தப் பட்டம் போய்விடலாம். 5040 காரணிகள் எங்கேயும் போகாது. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்றுதான் போட்டேன்.

#13 கணக்கு_சார்
ஒரு நிமிடம். எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு இதைப் பாருங்கள். ராமானுஜன் பட்டியலின் கடைசி எண் 6746328388800 என்றேன் அல்லவா? அதைச் சும்மா பிரித்துப் பார்த்தேன்.

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

23-ஐக் கையால் மறைத்துவிட்டுப் படியுங்கள்.

#14 மலர்விழி
ஐயோ! அதேதான்! 293318625600 × 23 = 6746328388800. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்துவிட்டேன்.

#15 ஈரோட்டான்
பட்டியலின் கடைசி வரியிலேயே விட்டுப்போன எண் 23 மடங்காக உட்கார்ந்திருக்கிறதா? சார், உடம்பு சிலிர்க்கிறது. இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?

#16 கணக்கு_சார்
எனக்கே இப்போதுதான் தெரிந்தது. எதையோ தேடிக்கொண்டிருந்த மூக்குக் கண்ணாடி நெற்றியில் இருந்த மாதிரி ஆகிவிட்டது.

#17 பொன்னி_நிரல்
நான் ஒரு சின்ன நிரல் எழுதி அக்கம்பக்கத்து எண்களை எடுத்தேன். அடுக்குகள் இறங்கு வரிசையில் இருக்கும் எண்களை மட்டும் உண்டாக்கினால் போதும், கோடிக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியதில்லை. கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிட்டது. அந்த வட்டாரம் இப்படி இருக்கிறது:

160626866400, காரணிகள் 4608, 23 உண்டு
240940299600, காரணிகள் 4800, 23 உண்டு
293318625600, காரணிகள் 5040, 23 இல்லை
321253732800, காரணிகள் 5376, 23 உண்டு

கவனித்தீர்களா? முன்னும் பின்னும் 23 வந்துவிட்டது. நடுவில் இவர் மட்டும் 23 இல்லாமல் நிற்கிறார். இவருக்குப் பிறகு 23 இல்லாத மிகு பகு எண் ஒன்றுகூடக் கிடையாது. கூட்டத்தில் எல்லோரும் சட்டை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய சட்டையோடு வந்து நிற்கும் கடைசி ஆள்.

எப்படி மாறுகிறது என்று கையால் போட்டுப் பாருங்கள், பண்டமாற்று மாதிரி இருக்கும். 240940299600-இலிருந்து 23-ஐக் கொடுத்துவிட்டு 28 வாங்குங்கள், அதாவது இரண்டு 2-உம் ஒரு 7-உம். 23 போனதால் காரணிகள் பாதியாகும்: 4800 → 2400. 2-இன் அடுக்கு 4-இலிருந்து 6 ஆவதால் 5-க்குப் பதில் 7: 2400 → 3360. 7-இன் அடுக்கு 1-இலிருந்து 2 ஆவதால் 2-க்குப் பதில் 3: 3360 → 5040. எண் 28/23 மடங்காக வளர்ந்து 293318625600 ஆகிறது.

அடுத்த அடியில் ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் கொடுத்துவிட்டு, மொத்தம் 21, மறுபடி 23-ஐ வாங்குகிறோம். 5040 × 4/5 × 2/3 × 2 = 5376. எண் 321253732800.

23-ஐ ஒருமுறை வாங்கிய பிறகு யாருக்கும் அதைத் திருப்பிக் கொடுக்கத் தோன்றாது. கையால் பட்டியல் போடுபவர் கண்ணுக்கு இந்த ஒரு படி தப்பிப்போவது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

#18 ஈரோட்டான்
பொன்னி, இது நியாயமான பேச்சு. இப்போது எனக்குச் சமாதானம். கணினி இல்லை, கால்குலேட்டர் இல்லை. அந்தக் காலத்தில் இத்தனை எண்ணை வரிசை தப்பாமல் எழுதியதே பெரிது.

#19 எண்பித்தன்
இதில் நான் கொஞ்சம் வேறுபடுகிறேன். ‘கணினி இல்லாமலேயே’ என்று சொல்லிச் சொல்லி அவரை மனிதக் கால்குலேட்டராக ஆக்கிவிடுகிறோம். அந்தக் கட்டுரையில் பட்டியல் ஓர் ஓரம்தான். மிகு பகு எண்ணின் அடுக்குகள் எந்த எல்லைக்குள் இருக்கும், அடுத்தடுத்த இரண்டு மிகு பகு எண்கள் எவ்வளவு நெருக்கமாக வரும் என்றெல்லாம் அவர் நிறுவியதுதான் உள்ளடக்கம். விட்டுப்போன எண் அந்தத் தேற்றங்களில் ஒன்றைக்கூட மீறவில்லை. பட்டியலைக் கிழித்துப் போட்டாலும் கட்டுரை நிற்கும். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. கொடுத்தது இந்த வேலைக்குத்தான்.

அதோடு, 321253732800 சாதாரண மிகு பகு எண் இல்லை. ராமானுஜன் ‘சுப்பீரியர்’ என்று தனியாக ஒரு வகை பிரித்தார். 2, 6, 12, 60, 120, 360, 2520, 5040, 55440... என்று போகும். ஒவ்வொன்றும் முந்தையதை ஒரே ஒரு பகா எண்ணால் பெருக்கக் கிடைப்பது. இந்த வரிசையில் 13967553600-ஐ 23-ஆல் பெருக்கினால் 321253732800. ரயில் கணக்கில் சொன்னால் சுப்பீரியர் எண் ஜங்ஷன், எல்லா வண்டியும் நிற்கும். நம் எண் ஜங்ஷனுக்கு முந்தைய சின்ன ஸ்டேஷன். பாசஞ்சர் மட்டும்தான் நிற்கும், எக்ஸ்பிரஸில் வருபவர் தூங்கிவிட்டால் பெயர்ப்பலகைகூடக் கண்ணில் படாது.

#20 பழைய_வாய்ப்பாடு
இழையைக் கொஞ்சம் திசை திருப்புகிறேன், மன்னிக்கவும். நம் ஊரில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை, பிரபவ முதல் அட்சய வரை 60 வருடம். 60 மிகு பகு எண். பகிர்ந்து கொடுக்க வசதி என்பதால்தான் இப்படி வைத்தார்களோ?

ஆனால் பின்னங்களுக்குப் போனால் கதை மாறுகிறது. மா 1/20, காணி 1/80, முந்திரி 1/320. 320-க்கு வெறும் 14 காரணிகள்தான். 240-க்கே 20 இருக்கிறது. முந்திரியில் மூன்றால் வகுக்கவே முடியாது. என் தாத்தா காலத்துக் கணக்கில் எதையும் மூன்று பங்காக்குவது தலைவலி என்று அப்பா சொல்வார், காரணம் இப்போதுதான் புரிகிறது.

#21 கணக்கு_சார்
அருமை. திசை திரும்பினாலும் பரவாயில்லை. காரணமில்லாமலா அரையும் காலும் அரைக்காலும் நம் வாயில் இவ்வளவு சரளமாக வருகின்றன? பாதி பாதியாகவே அறுத்துப் பழகிய கை.

#22 மலர்விழி
5040 பற்றி ஒன்று. பிளேட்டோ ‘சட்டங்கள்’ நூலில் தன் நகரத்துக்கு 5040 குடும்பங்கள் இருக்க வேண்டும் என்கிறார். 1 முதல் 10 வரை எல்லாவற்றாலும் பிரிக்கலாம், வரிக்கும் போருக்கும் வசதி என்று. அவர் 59 வகுத்திகள் என்று கணக்குச் சொல்கிறார். உண்மையில் 60, அந்த எண்ணையே சேர்த்துக்கொண்டால். 11-ஆல் மட்டும் வகுபடாது, இரண்டைக் கழித்தால் அதுவும் சரியாகிவிடும் என்கிறார். 5038 = 11 × 458. ஆள் கெட்டிக்காரர்!

#23 வெட்டிப்பேச்சு
இரண்டு குடும்பத்தை எங்கே அனுப்புவாராம்?

#24 நுழைவுத்தேர்வு_அண்ணன்
இதெல்லாம் எதற்கு உதவும் என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். நிரல் போட்டிகளில் கலந்துகொள்பவர்களுக்கு இந்த எண்கள் அன்றாடச் சமாச்சாரம். 10¹² வரை உள்ள எண்களில் அதிகபட்சம் எத்தனை காரணி என்று தெரிந்தால்தான் நிரல் நேரத்துக்குள் ஓடுமா என்று சொல்ல முடியும். விடை 6720. அந்த எண் 963761198400. நான் இதை மேசைக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறேன். நம் எண் அதே எல்லைக்குள் இருந்தும் ஒட்டும் தாளில் இடம் கிடைக்காமல் போனது, பாவம்.

#25 எண்பித்தன்
பெரிய இடத்துத் தொடர்பும் உண்டு. 1984-இல் ரோபின், கணக்கு_சார் மேலே சொன்ன அதே ரோபின், ஒன்றை நிறுவினார். 5040-க்கு மேலே உள்ள எந்த எண்ணுக்கும் காரணிகளின் கூட்டுத்தொகையை அந்த எண்ணால் வகுத்தால், அது அந்த எண்ணின் மடக்கையின் மடக்கையை ஏறத்தாழ 1.781-ஆல் பெருக்கி வருவதைத் தாண்டாது என்று ஒரு கூற்றை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி 5040-க்கு மேலே உள்ள எல்லா எண்ணுக்கும் இது உண்மை என்றால் ரீமான் கருதுகோள் (பகா எண்கள் பரவியிருக்கும் விதம் பற்றிய, இன்னும் நிறுவப்படாத ஊகம்) உண்மை. அவற்றில் ஒரே ஓர் எண் தாண்டிவிட்டால் கருதுகோள் போயிற்று. இந்தத் தொடர்பைத்தான் அவர் நிறுவினார்.

நம் எண்ணைப் போட்டுப் பார்த்தேன், இயல் மடக்கைதான். காரணிகளின் கூட்டுத்தொகை 1642243014720. எண்ணால் வகுத்தால் 5.599. மறுபக்கம் 5.830. பத்திரமாகக் கோட்டுக்குள் நிற்கிறது. 5040-ஐப் போட்டால் 3.838, மறுபக்கம் 3.817. தாண்டிவிடுகிறது! அதனால்தான் ‘5040-க்கு மேல்’ என்ற நிபந்தனை. இந்த இழையில் பலமுறை வந்துபோன 5040 இங்கேயும் வாசலில் காவல் நிற்கிறது.

ராமானுஜனின் அச்சாகாத பின்பகுதியில் இதே வழியில் கொஞ்ச தூரம் போயிருந்தார். ரீமான் கருதுகோள் உண்மை என்று வைத்துக்கொண்டு காரணிகளின் கூட்டுத்தொகைக்கு மேல்வரம்பு கண்டிருந்தார். எனக்கு உண்மையான வருத்தம் அதில்தான். ஒரு எண் விட்டுப்போனதில் யாருக்கும் நஷ்டமில்லை. அந்தப் பக்கங்கள் எண்பது வருடத்துக்கு மேல் அச்சேறாமல் கிடந்தன.

#26 ஈரோட்டான்
இதற்கு மேல் நான் பேச ஒன்றும் இல்லை. நன்றி எண்பித்தன்.

#27 கணக்கு_சார்
நேற்று வகுப்பில் கொடுத்துவிட்டேன். எண்ணைப் பலகையில் எழுதியதும் ‘சார், இது யார் வீட்டு செல்போன் நம்பர்?’ என்று ஒருவன் கேட்டான். பிறகு இரண்டு இரண்டாக அறுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் இருக்கும் 00-ஐப் பார்த்ததும் 4-ஆலும் 25-ஆலும் வகுபடும் என்று கண்டுபிடித்தார்கள். 49 வந்த இடத்தில் பாதிப்பேர் ஒரு 7-ஐ விட்டுவிட்டு 3360 காரணிகள் என்று விடை எழுதினார்கள். நானும் பலகையில் அவசரத்தில் 7-ஐ ஒருமுறைதான் எழுதியிருந்தேன் என்பதை இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

எல்லாம் முடிந்து 5040 வந்த பிறகு, பின்பெஞ்சில் இருந்து ஒரு பெண் கேட்டாள்: ‘சார், இந்த 5040-இல் வர்க்க எண் எத்தனை, ஒற்றைப்படை எண் எத்தனை?’ பெல் அடித்துவிட்டது. நாளைக்குச் சொல்கிறேன் என்று தப்பித்து வந்திருக்கிறேன். யாராவது?

#28 மலர்விழி
ஒற்றைப்படை என்றால் 2-ஐத் தொடவே கூடாது. 5040 ÷ 7 = 720.

வர்க்கம் என்றால் எல்லா அடுக்கும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும். 2-க்கு 0, 2, 4, 6 என்று நாலு வழி. 3-க்கு 0, 2, 4 என்று மூன்று. 5-க்கு இரண்டு, 7-க்கு இரண்டு. 11-இலிருந்து 19 வரை தொட முடியாது. 4 × 3 × 2 × 2 = 48. எண்பித்தன் அண்ணன் சொன்ன 2520-இன் ஒவ்வொரு காரணியையும் வர்க்கமாக்கினால் இவைதான் வரும், 2520-க்கும் 48 காரணிகள்தான்.

720, 48 இரண்டும் மிகு பகு எண்கள் சார். இரண்டும் ராமானுஜன் பட்டியலில் இருக்கின்றன.

#29 வெட்டிப்பேச்சு
அந்தப் பின்பெஞ்சுப் பெண்ணை இங்கே உறுப்பினராகச் சேர்த்துவிடுங்கள் சார். என் இடத்தை வேண்டுமானாலும் கொடுக்கிறேன்.